மாத்திரை எழுதாத புதன்கிழமை

மார்ச் 4, செவ்வாய்

சுகாதார அலுவலகத்திலிருந்து கடிதம். சென்ற வருஷம் நான் எழுதிக் கொடுத்த மனச்சோர்வு மாத்திரைகள், இந்த வட்டாரத்துக் குடும்ப மருத்துவர்களின் சராசரியைப் போல இரண்டு மடங்காம். “காரணத்தை விளக்கவும்.” விளக்குவதற்கு நாலு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்கள். தாராள மனசு.

சாப்பிடும்போது கணவரிடம் காட்டினேன். கணக்கு வாத்தியார். “சராசரின்னு ஒண்ணு இருந்தா யாராவது அதுக்கு மேல இருந்துதானே ஆகணும்” என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

மார்ச் 6, வியாழன்

அந்த நாலு கோட்டுக்காக, இன்று எழுதிய ஒவ்வொரு சீட்டுக்கும் உண்மையான காரணத்தை யோசித்துப் பார்த்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

துணிக்கடைப் பெண்மணி அழுதார். நிறுத்தவே முடியவில்லை. பத்து நிமிடம் ஆனதும் வரவேற்பறை அக்கா கதவைத் தட்டிவிட்டாள் (அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் கடிகாரம்). எழுதினேன். வங்கி ஊழியர் மாத்திரையின் பெயரைக் காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்திருந்தார், வாதாடத் தெம்பில்லை. ஓய்வுபெற்ற நூலகர் அம்மாவுக்கு முன்பிருந்த டாக்டர் ஆரம்பித்தது, ஏன் என்று யாருக்கும் தெரியாது, நிறுத்த எனக்குப் பயம். உண்மையிலேயே மருந்து தேவைப்பட்டவரும் ஒருவர் இருந்தார். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மனநல ஆலோசகரிடம் அனுப்பலாம். காத்திருப்பு ஐந்து மாசம். எதிரே உட்கார்ந்து அழுகிறவரிடம் “ஆகஸ்டில் வாருங்கள்” என்று சொல்ல வாய் வராது. வாய் வராதபோது கை எழுதிவிடுகிறது.

இதை நாலு கோட்டில் எப்படி அடக்க?

மார்ச் 7, வெள்ளி

அடக்க வேண்டாம். மாத்திரை எழுதுவதையே குறைத்துக் காட்டிவிடலாம்.

மார்ச் 12, புதன்

நகரப் பேருந்து ஓட்டுநர் வந்தார். நாற்பத்தாறு வயது. வழக்கமாக முட்டிவலிக்கு வருபவர், இன்று முட்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

“ரெண்டு மாசமா தூக்கம் இல்ல டாக்டர். சாப்பாடு இறங்கல. சிவப்பு விளக்குல நிக்கும்போது கண்ல தண்ணி வருது. பச்சை விழுந்தது தெரியறதில்ல, பின்னாடி ஹாரன் அடிச்சாதான் தெரியுது.”

போன மாசமாக இருந்தால் எழுதியிருப்பேன். இன்று பேசினேன். தினமும் நடக்கச் சொன்னேன், டீயைக் குறைக்கச் சொன்னேன், படுக்கும்போது ஃபோனைத் தள்ளி வைக்கச் சொன்னேன். ஆலோசகருக்குக் கடிதமும் கொடுத்தேன். “மாத்திரை இப்போ வேணாம், பார்ப்போம்.”

“சரிங்க டாக்டர்.” ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒன்பதே நிமிடம், கடிகாரம் தட்டக்கூட இல்லை. நல்ல டாக்டர் மாதிரி இருந்தது எனக்கு.

மார்ச் 26, புதன்

இரண்டு வாரத்தில் நாலே சீட்டு. கடிதத்துக்குப் பதில் அனுப்பிவிட்டேன்: “நடைமுறை மறுஆய்வு செய்யப்பட்டது.” மூன்று கோடு மிச்சம்.

ஏப்ரல் 9, புதன்

நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஓட்டுநரின் மனைவி இருமலுக்கு வந்தார். சலவை நிலையத்தில் வேலை. நெஞ்சைப் பரிசோதித்துக்கொண்டே, “வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?” என்றேன். சும்மா கேட்டதுதான்.

“வேலைக்குப் போறதில்ல டாக்டர், மூணு வாரமாச்சு. குளியலறைல குழாயைத் திறந்துவிட்டு உக்காந்திருக்கார்.”

“என்கிட்ட ஏன் வரல?”

“நீங்கதான் மாத்திரை வேணாம்னுட்டீங்களே. ‘டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அப்போ இது நோய் இல்ல, நான்தான் சோம்பேறி’ன்னார்.” பிறகு கொஞ்சம் மலர்ச்சியாகவே சொன்னார்: “ஆனா நேத்து பரவாயில்ல. வீட்டுப் பத்திரம் எங்க இருக்கு, காப்பீட்டுக் காகிதம் எங்க இருக்குன்னு எல்லாம் உக்காந்து சொல்லிக் குடுத்தார்.”

உடனே ஃபோன் போடச் சொன்னேன். அவர் தம்பி வீட்டில் கூட இருந்தாராம். அவரே கூட்டி வந்தார். அரைமணி நேரம். அந்த அரைமணியில் ஐந்து பேரைப் பார்த்தேன், ஒருவர் முகமும் நினைவில்லை.

மார்ச் மாசம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இன்று கேட்டேன். “செத்துடலாம்னு தோணுதா?”

“நாள் கூடப் பாத்து வச்சுட்டேன் டாக்டர்.”

கடிகாரம் தட்டினாள். இன்று யாரும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். மருத்துவமனைக்கு நானே கூடப் போனேன். சேர்த்துக்கொண்டார்கள்.

ஏன்டி கேட்கல? ஒரே ஒரு கேள்வி. டீயைப் பத்திப் பேசத் தெரிஞ்சுது.

ஏப்ரல் 11, வெள்ளி

மனநல மருத்துவர் ஃபோன் செய்தார். ஆரம்பித்திருக்கிற மருந்து, நான் அன்று எழுதியிருக்கக்கூடியதேதான்.

ஏப்ரல் 24, வியாழன்

பாராட்டுக் கடிதம். நாற்பது சதவீதம் குறைத்துவிட்டேனாம். “தங்கள் அனுபவத்தை” மற்ற மருத்துவர்களோடு பகிர்ந்துகொள்ள அழைப்பு. கணவர் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இந்த முறை ஆறுதல் இல்லை. நல்லவேளை.

மே 14, புதன்

பகிர்ந்துகொண்டேன். நடந்ததை நடந்தபடி, பெயர் அடையாளம் இல்லாமல். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கடிதத்துக்கு எந்த வாசகத்தில் பதில் எழுதினீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மே 20, செவ்வாய்

நூலகர் அம்மாவிடம் கடைசியில் கேட்டே விட்டேன், எதற்காக ஆரம்பித்தது என்று. பூனை செத்தபோதாம். ஒன்பது வருஷம். நிறுத்திப் பார்க்கலாமா என்றதற்கு, “யாராவது கேப்பாங்கன்னுதான் இருந்தேன்” என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். இருபது நிமிடம் ஆயிற்று.

ஜூன் 19, வியாழன்

ஓட்டுநர் வந்தார். வாய் உலர்கிறது, எடை மூன்று கிலோ ஏறிவிட்டது, வெளியே நாற்பது நிமிடம் காக்க வைத்தார்கள் — வரிசையாகக் குறை. கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு வாரமாகப் பணிமனையில் இலகுவான வேலை. வண்டி இன்னும் தரவில்லை.

சட்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டார். “அன்னைக்கு ஏன் டாக்டர் குடுக்கல?”

ஏதாவது சொல்லியிருக்கலாம். வழிமுறை, படிப்படியான சிகிச்சை என்று. “அதிகமா எழுதறேன்னு மேலேருந்து கடிதம் வந்துச்சு. பயந்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க” என்றேன்.

“எங்களுக்கும் வரும் டாக்டர். யார் டீசல் மிச்சம் பிடிச்சாங்கன்னு மாசாமாசம் பட்டியல் ஒட்டுவாங்க. முதல் பேரு எப்பவும் ஒரே ஆளுதான். அவன் பாதி நிறுத்தத்துல நிக்கவே மாட்டான்.”

கையை நீட்டச் சொல்லி ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு.