உன் அறையில் என் சிநேகிதி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், உன் இருமல் விட்டதா, மாப்பிள்ளைக்கு வேலை நேரம் மாறியதா, குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, எல்லாவற்றையும் எழுது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய், நானும் எங்கோ ஆரம்பித்து எங்கோ போய்விடுவேன். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. உன் அறையை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன்.

தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியவில்லை என்று சொன்னேனே, அதற்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிறார்கள். சுவரில் பொருத்திய சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒருநாள் வெளியே காத்திருந்தபோது, வழி தெரியாமல் தடுமாறிய ஒரு பெரியவருக்கு என் முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ, "எக்ஸ்ரே எடுக்கும் அறை இடதுபுறம் கடைசியில் உள்ளது" என்று சொன்னார்கள். கேட்டதும் வண்டியைத் தவறவிடப் போகிறவள் போலச் சட்டென்று எழுந்துவிட்டேன். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கப் போய்வந்த வருஷமெல்லாம் ரயில்வே ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் கேட்ட குரல் அது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஓடியதெல்லாம் அந்தக் குரலை நம்பித்தான். திரும்பிப் பார்த்தால் சக்கர நாற்காலியில், முட்டியில் கட்டோடு, நெட்டையாக ஒரு அம்மாள். நீங்கள் ஸ்டேஷனில் அறிவிப்பு சொன்னவரா என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள், உதடு துடித்தது, முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு, "ப... ப... பட்டாணி" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் அது, நான் இருந்த உயரம் அப்படி. இத்தனை காலம் உன் அப்பாவிடம் மறைத்து வைத்திருந்தேன், இப்போது தெரிந்துபோய் என்னைப் பாடாய்ப் படுத்துகிறார். அந்த 'ப'வில் அவள் நின்றதும்தான் எனக்கு ஆள் விளங்கியது. பத்தாம் வகுப்பு முடியும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள். வாசிக்க எழுந்தால் திக்கும், வகுப்பே சிரிக்கும். அதனால் பேசுவதையே விட்டுவிட்டாள், வாத்தியார் முதற்கொண்டு எல்லோருக்கும் அவள் ஊமைக்கோட்டான்தான். பிறகு அவர்கள் வீடு மாறிப் போனார்கள், அத்தோடு சரி. இவளா ஊருக்கெல்லாம் வண்டி சொன்னாள் என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறிவிப்பு அறையில் எதிரில் முகமே கிடையாதாம், மைக்கும் எழுதி வைத்த வரியும்தானாம், அங்கே மட்டும் நாக்கு தடுமாறாதாம். தெரியாதவருக்கு வழி சொன்னாலும் அந்தக் குரல் வந்துவிடுமாம். மனதிலிருப்பதைச் சொல்ல வந்தால்தான் இன்றைக்கும் திக்குகிறது. அந்த அறைக்கு ஜன்னல் இல்லையாம், அதனால் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு தோள் பயிற்சி முடிந்ததும் வார்டுக்குப் போய் அவள் கட்டிலில் உட்கார்ந்துவிடுவேன். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை, குடியிருப்பது மூன்றாவது மாடியில், லிப்ட் கிடையாது. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று, கூட்டிப்போக யார் வருவார்கள் என்று நர்ஸ் கேட்டாள். "ஆள் வந்துகொண்டிருக்கிறது" என்றாள் இவள், கொஞ்சமும் திக்காமல். அந்தக் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, யாரும் வரப்போவதில்லை. "நான்தான் வந்திருக்கேன், எங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள், வேண்டாம் என்று சொல்லப் பார்த்தாள், 'வே'யைத் தாண்டி வரவில்லை. நான் காத்திருந்தேன். கடைசியில் அந்த வார்த்தையை விட்டுவிட்டு அழுதுவிட்டாள்.

அப்பாவிடம் கேட்காமல் செய்கிறோமே என்று பயந்துகொண்டேதான் போன் செய்தேன். நாங்கள் வந்து இறங்கும்போது அவர் தன் பழைய பைப் வேலைப் பையைப் பரப்பிக்கொண்டு, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு பேரும் நல்ல கூட்டு. ஒருநாள் அப்பா வம்புக்கு இழுத்ததும் அவள், "மதியச் சாப்பாடு இன்னும் சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து புறப்படும்" என்றாள், அப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

ஆனால் வந்த நாளிலிருந்து பெட்டியைப் பிரிக்கவில்லை. தினமும் ஒரு புடவையை உருவி எடுத்துவிட்டு மறுபடி பூட்டிவிடுகிறாள். இது பொண்ணோட ரூம், அவ சொல்லட்டும் என்கிறாள். உன் துணிமணியை எல்லாம் மடித்து எங்கள் பீரோவில் வைத்துவிட்டேன், நீ குழந்தையோடு வந்தால் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து படுத்துக்கொள்ளலாம். உனக்கு வருத்தம் இருந்தால் என்னிடம் சொல், அவளிடம் காட்டாதே.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் குறை ஒன்றும் இல்லாமல் நிறைவாக வாழவேண்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது போனை அவளிடம் கொடுக்கிறேன், பெரியம்மா என்று கூப்பிடு, பெட்டியைப் பிரிக்கச் சொல். அவள் பதில் சொல்ல ஆரம்பித்து நடுவில் நின்றுபோனால், லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. நீயாக வார்த்தையை எடுத்தும் கொடுக்காதே. கொஞ்சம் பொறு, அவளே சொல்லி முடிப்பாள்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா