ஓரத்துல வந்துட்டீங்க, சின்னம்மா

அன்புக்கும் அலட்டலுக்கும் கொறையே வைக்காத என் கோகிலா சின்னம்மாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? அங்க வெளிச்சம் எப்படி? இங்க சிம்பாங் பூலாய்ல உங்க வீட்டு ஹால் இன்னும் அதே இருட்டுதான். சித்தப்பா அந்த மஞ்ச பல்ப இன்னும் மாத்தல.

மொதல்ல நல்ல செய்தி. திவ்யாவுக்குப் பரிசம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. தட்டு மாத்தறப்ப உங்க மக அழுவல, அவளுக்கும் சேத்து எங்கம்மா அழுதுட்டாங்க. மாப்பிள்ளை கௌதம், நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வீடியோ கால்ல பாத்து ஓகே சொன்ன அதே சுங்காய் பையன். நேர்ல இன்னும் கொஞ்சம் தடி.

இப்ப கெட்ட செய்தி. உங்களுக்குக் குடுத்த வாக்க நான் காப்பாத்தல. கோவப்படாம முழுசாக் கேளுங்க. இத என் போட்டோ பேஜ்லயே போடறேன். வைட் லென்ஸ் வாங்கப் போறவங்க நாலு பேருக்காவது உதவட்டும்லா.

என்னா வாக்குன்னு ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரி கட்டில்ல உக்காந்துக்கிட்டு சொன்னீங்க. "ஷாலு, என் மக பரிசத்துல நானும் போட்டோவுல இருக்கணும்டி. படமாத் தொங்குனாலும் சரி. ஆனா ஓரத்துல நிக்க வைக்காத. குண்டாக் காட்டாத." நான் "சரி சின்னம்மா"ன்னு தலையாட்டுனேன். வேற என்னா சொல்லுவேன்?

உங்களுக்கு ஏன் ஓரம்னா ஆகாதுன்னு நம்ம குடும்பத்துக்கே தெரியும். மாமா கல்யாணத்துல போட்டோக்காரரு வைட் லென்ஸ்ல எடுத்தாரு, ஓரத்துல நின்ன நீங்க ஃபிரிட்ஜ் மாதிரி வந்தீங்க. வீட்டுக்கு வந்தவொடனே கத்திரிக்கோல எடுத்து உங்கள மட்டும் வெட்டிட்டீங்க. பக்கத்துல நின்ன சித்தப்பாவோட ஒரு கையும் சேந்து போச்சு. அந்த ஆல்பத்துல மனுசன் இன்னிக்கும் ஒத்தக் கையோட சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அதுக்கப்பறம் எந்த குரூப் போட்டோன்னாலும் முழங்கையால இடிச்சு நடுவுல போய் நின்னீங்க. நீங்கதான் பொண்ணோட அம்மான்னு நெனச்சு உங்களுக்குச் சந்தனம் வெச்சவங்க எத்தன பேரு.

உங்க கடைசிப் படத்தையும் நீங்களே தேர்ந்தெடுத்தீங்க. போன்ல பியூட்டி ஃபில்டர் போட்டு எடுத்தது. கன்னம் ரெண்டும் காணோம், தாடை கூரா இருக்கு, மூக்கு இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. காரியத்தன்னிக்குப் பூசாரி மாலைய கையில வெச்சுக்கிட்டு, "இது மூத்த மகளா?"ன்னு கேட்டாரு. நீங்க கேட்டிருந்தா அவருக்கு டபுள் தட்சணை குடுத்திருப்பீங்க.

சரி, விசயத்துக்கு வாரேன். அந்தப் படத்த சித்தப்பா எங்க மாட்டியிருக்காருன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. எடது பக்க மூலையில, ரெண்டு சுவத்துக்கும் நடுவுல குறுக்கா, ஹாலப் பாத்த மாதிரி.

"சித்தப்பா, நேரா சுவத்துல மாட்டக் கூடாதா?"

"நேரா மாட்டுனா உன் சின்னம்மாவுக்கு டிவி தெரியாதும்மா. அப்பறம் ராத்திரி நாடகத்த அவ எப்படிப் பாப்பா?"



பொண்ணு மாப்பிள்ளைய வலது பக்கம் சாமி மேடைக்குக் கீழ உக்கார வைக்கணும்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. "நல்ல காரியத்தப் போயி எறந்தவங்க படத்துக்குக் கீழயா வைப்பாங்க? கோகிலாவே திட்டுவா." ஆக நீங்க அந்தக் கோடி, உங்க மக இந்தக் கோடி. எதுர் சுவத்துல முதுகு ஒட்ட நின்னாலும் என் கேமராவுல ஒருத்தர்தான் வாரீங்க. வெளிய போர்ச்சுல நின்னு ஜன்னல் வழியா எடுத்துப் பாத்தேன். எல்லா மூஞ்சியிலயும் கம்பி. குடும்பமே லாக்கப்ல இருக்கிற மாதிரி இருந்துச்சு. இன்னும் ஒரு அடி பின்னால போனா நான் லொங்காங்லதான் விழணும், சாக்கடைத் தண்ணியோட படம் எடுக்கணும்.

"போன்ல பாயிண்ட் ஃபைவ்னு ஒரு வைட் இருக்குல்லக்கா, அதுல எடுத்துரு"ன்னா உங்க மக. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அந்த வைட் கேமராவுல படத்தப் புடிக்கிற சென்சாரு சுண்டு விரல் நகத்தவிடச் சின்னது. அந்த மஞ்ச பல்புல எடுத்தா எல்லாரு மூஞ்சியும் ஆறிப் போன கஞ்சி மாதிரி வரும்.

அதனால வைட் ஸூம் ஒன்னு தேட ஆரம்பிச்சேன். வீடியோவாப் பாத்தேன். எல்லாரும் பதினாறு முப்பத்தஞ்சு எம்எம் லென்ஸ தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க. பதினாறு எம்எம்ல ஊரே அடங்கும்ங்கறாங்க. பீடோர்ல ஒரு அண்ணன் செகண்ட் ஹேண்ட்ல விக்கிறாருன்னு பாத்ததும், பஸ்ஸப் புடிச்சு ஓடிப் போயி வாங்கிட்டு வந்தேன். வந்தவொடனே உங்க ஹால்ல மாட்டிப் பாத்தா, மாப்பிள்ளை உக்காற எடத்துல பாதி காணோம்.

லென்ஸுதான் ரிப்பேருன்னு கேமராக்காரங்க குரூப்ல போயி பொலம்புனேன். அங்க ஒருத்தர் பொறுமையா கேட்டாரு, "தங்கச்சி, உங்க கேமரா ஃபுல் ஃப்ரேமா, கிராப்பா?" அப்பத்தான் கேமரா பொட்டிய எடுத்துப் படிச்சேன். கிராப்பு.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். தீபாவளிக்கு பிஸ்கட் சுடுவீங்கல்ல? மாவ வட்டமாத் தேச்சு, அச்சு வெச்சு வெட்டுவீங்க. லென்ஸு உள்ள தள்ளுற படம் அந்த வட்ட மாவு. சென்சாரு அச்சு. ஃபுல் ஃப்ரேம்ங்கறது பெரிய அச்சு, ஓரம் வரைக்கும் எடுத்துக்கும். என்னுது சின்ன அச்சு. நடுவுல மட்டும் வெட்டிக்கிட்டு ஓரத்தத் தூக்கிப் போட்டுரும். அதனால ஒன்னரையால பெருக்கிப் பாக்கணுமாம். பதினாறு வாங்குனேன்னு நான் ஆடுனது, என் கேமராவுல இருவத்தி நாலு மாதிரிதான். அதவிடச் சின்ன அச்சுக் கேமராவும் இருக்கு, அதுக்கு ரெண்டால பெருக்கணும். அவங்களுக்கு ஏழு எம்எம்ல ஆரம்பிக்கிற லென்ஸு வேணும். எனக்குப் பத்து பதினெட்டு. அது பெரிய அச்சோட கணக்குல பதினஞ்சு இருவத்தேழு.

யோசிச்சுப் பாத்தா, ஓரத்தத் தூக்கிப் போடற கேமராவ உங்களுக்காகவே கண்டுபுடிச்சிருக்காங்க சின்னம்மா.

"ஃபுல் ஃப்ரேம் பாடி வாங்கிருங்க, பிரச்சனையே இல்ல"ன்னு குரூப்ல பாதிப் பேரு. கல்யாணப் பொண்ணே நான் இல்ல, எனக்கு எதுக்கு அவ்ளோ நகை? திரும்பவும் பீடோருக்குப் போனேன். அந்த அண்ணன் கொய்யாப் பழக் கடை வெச்சிருக்காரு.

"உங்க கேமரா என்னா சென்சாருன்னு நீங்க சொல்லலையேம்மா."

"நீங்க கேக்கலையேண்ணே."

"கொய்யா வாங்க வாரவங்கள வாயில எத்தன பல்லு இருக்குன்னு நான் கேக்கறதில்லம்மா." ஆனா நல்ல மனுசன். வீட்டுல பத்து பதினெட்டு ஒன்னு சும்மா கெடக்குன்னு அதுக்கு மாத்திக் குடுத்தாரு. "அண்ணே, நாளைக்கே நான் பெரிய கேமரா வாங்குனா இது ஆவுமா?"ன்னு கேட்டேன். "மாட்டலாம். ஆனா இது சின்ன சென்சாருக்குச் செஞ்சது, மூலை நாலும் கறுப்பா வரும்"னாரு. சின்ன வட்ட மாவுல பெரிய அச்சு வெச்சா மூலைக்கு மாவு எட்டாதுல்ல, அதேதான். நான் பிஸ்கட் கணக்க அவருக்கும் சொன்னேன். பையில ரெண்டு கொய்யா சேத்துப் போட்டாரு.

பரிசத்தன்னிக்குப் பத்துல வெச்சுப் பாத்தா, அலாமா, ஹாலே பசார் மாதிரி விரிஞ்சிருச்சு. நீங்க இருக்கீங்க, திவ்யா இருக்கா, கௌதம் முழுசா இருக்காரு, எங்கம்மா ஒளிச்சு வெச்ச துணி மூட்டை கூட இருக்கு. ஆனா வைட் லென்ஸுக்கு ஒரு புத்தி. நடுவுல இருக்கிறத விட்டுரும், ஓரத்துல இருக்கிறதப் புடிச்சு இழுக்கும். நீங்க சுவத்துல நேராத் தொங்குனாக்கூட தப்பிச்சிருப்பீங்க, தட்டையான சுவத்த அது அப்படியே விட்டுரும். குறுக்காத் திரும்பிக் கேமராவப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா, நல்லா இழுத்துருச்சு.

கேமராவ உங்க பக்கம் திருப்புனா நீங்க நடுவுக்கு வந்துருவீங்க. அப்ப திவ்யா ஓரத்துக்குப் போயிருவா. தட்டு மாத்தற நேரம் வந்துருச்சு. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. நீங்களா, உங்க மகளா? சொல்லுங்க, நான் என்னா பண்ணியிருக்கணும்?

உங்கள ஓரத்துல வெச்சு பட்டன அமுக்கிட்டேன்.

சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் கேமராவச் சுத்தி நின்னாங்க. திவ்யா பாத்தவொடனே மூஞ்சி மாறிருச்சு. "அக்கா, அம்மாவப் பாரு, குண்டாத் தெரியறாங்க. அவங்களுக்குப் புடிக்காது. இத அழிச்சுரு." "இரு, கம்ப்யூட்டர்ல ஒல்லியாக்கிடறேன்"னேன்.

"இரும்மா, குடு"ன்னு சித்தப்பா வாங்குனாரு. மூக்குக் கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு, ரொம்ப நேரம் பாத்தாரு. எலையில சாம்பாரு ஆறிக்கிட்டு இருந்துச்சு.

"இதான்"னாரு.

"என்னா சித்தப்பா?"

"இதான் அவ. கன்னம் வந்துருச்சு பாரு."

அவரே சொன்னாரு, "சுவத்துல இருக்கிற பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியல ஷாலு. தெனம் வெளக்கு வைக்கிறேன். யாரோ சின்னப் பொண்ணுக்கு வைக்கிற மாதிரி கூச்சமா இருக்கு. டிவி பாக்கறப்ப பேச்சுக் குடுக்கவே வர மாட்டேங்குது."

திவ்யா கேமராவ வாங்கிப் பெருசாக்கிப் பாத்தா. அதோட அவ மேக்கப் எல்லாம் போச்சு. அதுக்கப்பறம் எடுத்த போட்டோ எல்லாத்துலயும் கண்ணு மை கன்னத்துல இருக்கு. திட்டாதீங்க.

ஃபில்டரு உங்கள எவ்ளோ ஒடுக்குச்சோ, என் லென்ஸு சரியா அவ்ளோ விரிச்சிருக்கு. ரெண்டு பொய்யும் சேந்து நீங்க வந்துட்டீங்க. எந்த ரிவியூலயும் இத ஒருத்தனும் சொல்லல சின்னம்மா.

"அப்ப நான் குண்டா இருந்தேன்னு சொல்றியாடி?"ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது. நான் சொல்லல. லென்ஸு சொல்லுது.

உங்க மொகத்த மட்டும் வெட்டி பிரிண்ட் போட்டு, சித்தப்பா ரிமோட் பக்கத்துல வெச்சிருக்காரு. சுவத்துல இருக்கிறது உங்க இஷ்டப்படி அங்கயேதான் இருக்கு, யாரும் கை வைக்கல. நேத்து நான் போனப்ப நாடகத்துல வில்லி என்னா பண்ணான்னு ரிமோட் பக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. என்னப் பாத்ததும் சத்தத்தக் கூட்டிட்டாரு.

கல்யாணம் வருது. ஈப்போவுல பெரிய மண்டபம், எவ்ளோ வேணும்னாலும் பின்னால போலாம். இந்தத் தடவ சத்தியமா ரெண்டு போட்டோ எடுப்பேன். ஒன்னு நீங்க நடுவுல, ஒல்லியா, மூக்கே இல்லாம. அது உங்களுக்கு. இன்னொன்னு ஓரத்துல, பத்து எம்எம்ல. அது எங்களுக்கு. அதுக்கு மட்டும் கத்திரிக்கோல எடுத்துக்கிட்டு வராதீங்க. சித்தப்பாவுக்கு இருக்கிறது இன்னும் ஒரு கையிதான்.

உங்கள ஓரங்கட்டுன,
உங்க அக்கா மக ஷாலு