‘அது நின்னுடுச்சு’

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் நலமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, வாய்தான் இறங்கவில்லை. தம்பிக்கு இந்த மாதமும் இரவு ஷிப்ட், பகலில் தூங்குகிறவனுக்குத் தொந்தரவு என்று தையல் மெஷினைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டேன். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ “அது திடீர்னு நின்னுடுச்சும்மா” என்றாய். வாஷிங் மெஷின் என்று நினைத்து, மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டு என்றேன். “மெஷின் இல்லம்மா, வேலைக்கு வருமே, அது” என்று சிரித்தாய், பின்னால் மாப்பிள்ளையும் சிரித்தார். நானும்தான் சிரித்துத் தொலைத்தேன். போனை வைத்த பிறகு ஊசியில் நூல் ஏறவில்லை.

நீ காலேஜில் படிக்கும்போது எனக்குக் கொண்டுவந்து கொடுத்த நாவல் நினைவிருக்கிறதா, முதுகு பிரிந்துபோய் பொத்தான் நூலால் தைத்து வைத்திருக்கிறேனே, அந்த நாவல். அதில் வேலைக்காரியை யாரும் அடிப்பதில்லை. காய்ச்சல் என்றால் மாத்திரை தருகிறார்கள், பழைய சேலை தருகிறார்கள், எல்லாரும் நல்லவர்கள். ஆனால் கடைசிப் பக்கம் வரை அவளுக்கு “அது வந்துச்சா, அது தின்னுச்சா” தான். கெட்டவர்களைத் திட்ட யாராலும் முடியும், இந்த நாவல் நல்லவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கிறது, அதனால்தான் எனக்கு அதன் மேல் உயிர். அதைப் படித்துவிட்டுச் சோற்றைத் தள்ளி வைத்தவள் நீ. “இனிமே நம்ம வீட்ல யாரும் யாரையும் அப்படிச் சொல்லக் கூடாதும்மா” என்று எனக்கே சட்டம் போட்டவள் நீ. நான் நம்பினேன். தம்பியைக்கூட “அது இன்னும் தூங்குது” என்கிறோமே என்று வக்கீல் மாதிரி வராதே, அது கொஞ்சல், இது எதுவென்று உனக்குத் தெரியும். அப்புறம் அதே போனில் “நீ வந்துட்டா எனக்குக் கவலையில்லம்மா” என்றாய். ஆசையாகக் கூப்பிட்டாயா, இடம் காலியானதால் கூப்பிட்டாயா என்று அன்றிலிருந்து குழம்பிக் கிடக்கிறேன். பேரக்குழந்தையைத் தூக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா. வருகிறேன். அதற்கு முன் ஒன்று செய். பிறந்ததிலிருந்து உன் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டவளின் பெயர் என்ன என்று எழுது. தெரியாவிட்டால் கீழே வாட்ச்மேனைக் கேள், அவருக்குத் தெரிந்திருக்கும். பெயர் வந்த பிறகுதான் டிக்கெட்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். குழந்தை பேசப் பழகுகிற நேரம், வீட்டில் பார்த்துப் பேசுங்கள்.

உன் அம்மா