புட்டிக்குப் போட்ட முடிச்சு

அஸ்ஸாம்
12.3.79

அன்புள்ள தில்லையம்மாளுக்கு உமாபதி எழுதறது. நான் நல்லாத்தான் இருக்கிறேன். உன் இருமல் நின்னுதா? அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்குது?

இங்க ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. இந்தப் பக்கத்துக் கச்சா எண்ணெய்ல எப்பவும் மெழுகு நிறைய இருக்கும், புதுக் கிணத்துலேர்ந்து வந்ததுல மெழுகே இல்லை. எங்க லேபுக்கு அந்த எண்ணெய்ப் புட்டியைக் கொண்டாந்தவன் என்கூட ரூம்ல இருக்கற பரூவா. வழியில எண்ணெயை மாத்திட்டான்னு நினைச்சேன். நம்ம பிள்ளையார்பாளையத்துல சரிகையை உரசிப் பாக்காம யார் வாங்கறாங்க? அந்த புத்தி. அடுத்த புட்டியை நானே நிரப்பி, மூடியைச் சுத்திப் பட்டு நூல் கட்டி, தறியில அறுந்த இழைக்கு நீ போடுவியே, அந்த முடிச்சைப் போட்டு அவன்கிட்ட குடுத்தேன். முடிச்சு அப்படியே வந்தது. மெழுகு அப்பவும் இல்லை.

பூமிக்கடியிலேயே கிருமிங்க எண்ணெயைத் தின்னுக்கினு இருக்குதுன்னு எங்க ஆபீசர் சொன்னார். மெழுகு அதுங்களுக்குச் சுலபம், முதல்ல அதை முடிச்சுடும். கோடி வருஷத்துக்கு முந்தி செத்த பாசியோட அடையாளம் எண்ணெய்ல கெட்டியா நிக்கும், அதைக் கடைசியிலதான் கடிக்கும். இந்த எண்ணெய்ல அதுவும் பாதி போயிருக்குது. அது மனுஷன் கை வேலை இல்லை.

நான் சந்தேகப்பட்டது பரூவாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்பல்லாம் அவன் தனியா சாப்பிடறான். நானும்தான். பருப்புப் பொடி அனுப்பு, ரெண்டு பேருக்குக் காணற மாதிரி.

காலையில அவனே வந்து, அந்த முடிச்சைக் கத்துக்குடுன்னு கேட்டான். எதுக்குன்னு தெரியலை. கத்துக்குடுக்கத்தான் போறேன்.

தபால் வண்டி வந்துட்டுது. இந்த முடிச்சு இனி அவனுக்கும் தெரியும், பொடி மூட்டைக்கு மட்டும் நீ வேற முடிச்சு போடு.

உமாபதி