எங்கள் வீட்டு விருந்தில் நாங்கள் இல்லை

2025 ஜனவரி 20, திங்கள்

ரிவிஷன் தேர்வில் கணக்கு சுமார்தான். சாயங்காலம் பாஸ்டர் தேவசகாயம் வீட்டுக்கே வந்துவிட்டார். ஐலாம்மாவின் தோழிகள் இரண்டு பேர் பின்லாந்திலிருந்து வியாழக்கிழமை வருகிறார்களாம். கூடவே இருந்து பேச்சை இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல நான் வேண்டுமாம். "ஸ்கூல் வுட்டதும் வந்துடுமா. நம்ம ஜனம் பேசறது அவங்களுக்குப் புரியணும் இல்ல?" என்றார். இதற்காகத்தானோ இத்தனை நாள் நூலக அட்டை தேயத் தேய இங்கிலீஷ் புத்தகமாகப் படித்தேன்!

ஐலாம்மா பின்லாந்திலிருந்து மிஷனரியாக எங்கள் ஓரிக்கைக்கு வந்தபோது நான் யுகேஜி. சர்ச்சுக்குப் பக்கத்து அறையில், நடக்க முடியாத பிள்ளைகளுக்கும், தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து தோளும் முதுகும் பிடித்துக்கொண்டவர்களுக்கும் பிசியோதெரபி செய்கிறார். அவர் ஊரிலிருந்து இதுவரை ஒருவரும் வந்து பார்த்ததில்லை. அதனால் ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு வீட்டில் சாப்பாடு. கடைசி நாள், பிப்ரவரி இரண்டு, ஞாயிறு மதியம், எங்கள் வீடு.

அப்பா அன்றைக்கு வீரபாகு ஐயாவையும் அழைத்திருக்கிறார். பட்டு நெசவுக்காரர். அவர் தறிக்கூடத்துக்கு ஒயரிங் செய்தது அப்பாதான். என் தாத்தா வீரபாகு ஐயா குடும்பத்து நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் யாரும் இதுவரை எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. "ஐலாம்மா ஃபிரண்டுங்க வராங்களா? அப்ப நானும் வரேன்பா" என்றாராம். அவர் தோளைச் சரிசெய்தது ஐலாம்மா. அப்பா இதைச் சொல்லும்போது சிரிக்கக்கூட இல்லை. அவ்வளவு பெரிய சந்தோஷம்.

ஜனவரி 23, வியாழன்

வந்துவிட்டார்கள். ஒருவர் ரீத்தா, குள்ளம், எதைப் பார்த்தாலும் படம் எடுக்கிறார். இன்னொருவர் பிர்க்கோ, உயரம், மெதுவாக நடக்கிறார். மூவரும் சின்ன வயதில் ஒரே பாடகர் குழுவில் பாடியவர்கள். வேனிலிருந்து இறங்கியதும் பிர்க்கோ ஐலாம்மாவைக் கட்டிக்கொண்டார். முழுதாகக் கட்டிக்கொள்வதற்குள் மாலை போட்டுவிட்டார்கள். பிறகு பொன்னாடை. பிறகு இளநீர்.

ஐலாம்மா கூட்டத்தைப் பார்த்து, "இன்னாபா இது, தள்ளி நில்லுங்கபா, காத்து வரட்டும்" என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தோம். தோழிகள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரோ புது ஆளைப் பார்ப்பது போல.

ஜனவரி 26, ஞாயிறு

ஆராதனை, கொடியேற்றம், வரவேற்புரை, மதியம் ஒரு வீடு, மாலை மூன்று வீடு. போகும் இடமெல்லாம் ஐலாம்மா ஒரு மூலை, இவர்கள் ஒரு மூலை, நடுவில் நாங்கள். "நல்லா துன்னுங்கமா, கூச்சப்படாதீங்க" என்பதை இன்று எத்தனை விதமாக இங்கிலீஷில் சொன்னேன்!

ஐலாம்மாவுக்கு ஒரே அறை என்பதால் தோழிகளுக்குப் பாஸ்டர் வீட்டு மாடி. அங்கேயும் தனியாக விடவில்லை. பயப்படுவார்களாம், துணைக்கு சர்ச் பெண்கள் ஐக்கியத்தில் இருவர் படுத்துக்கொள்கிறார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

பிர்க்கோ யாருக்கும் தெரியாமல் பாதி வடையை என் கையில் வைத்து அழுத்தினார். அவர் எதையுமே சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஜனவரி 30, வியாழன்

சாயங்காலம் வீரபாகு ஐயா வீட்டில் தறி பார்க்கப் போனோம். ரீத்தா உள்ளே ஜரிகையைத் தொட்டுத் தொட்டு வியந்துகொண்டிருந்தார். பிர்க்கோவுக்கு மூச்சு வாங்கியது. வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் கொடுத்து நானும் கூட நின்றேன்.

அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷைப் போலத்தான், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். அதனால் ஒரு சொல்லும் எனக்குத் தவறவில்லை. அவருக்குக் கடுமையான நோய். இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ரீத்தாவுக்குத் தெரியும், ஐலாம்மாவுக்குத் தெரியாது. போனில் சொல்லக் கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

"உங்கள் மொழியிலேயே சொல்லிவிடலாமே, இங்கே யாருக்கும் புரியாதே" என்றேன்.

"மொழி புரியாது. ஐலாவின் முகம் எல்லோருக்கும் புரியும்" என்றார்.

தனியாகப் பேச வேண்டும் என்று ஐலாம்மாவிடம் கேட்டும் பார்த்தாராம். ஊர்க்காரர்கள் ஆசையாகக் கூப்பிடுகிறார்கள், மனம் நோகும், அடுத்த முறை நிறையப் பேசலாம் என்றாராம் ஐலாம்மா.

அடுத்த முறை!

ஐலாவிடம் நான் சொல்லும்வரை நீ யாரிடமும் சொல்லாதே என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜனவரி 31, வெள்ளி

காரணத்தைச் சொல்லாமல் பாஸ்டரிடம் கேட்டுப் பார்த்தேன். ஏதாவது ஒரு வேளையை மட்டும் அவர்களுக்கே விட்டுவிட முடியாதா?

"யார் வூட்டை வேணாம்னு சொல்றது, நீயே சொல்லு? பெரிய மனஸ்தாபமாயிடும்மா. ஒரு வூடு வுட்டா அந்த நேரத்துக்கு நாலு வூடு வந்து நிக்கும்."

உண்மைதான். என்னால் கேட்க முடிந்த வீடு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

எப்படிக் கேட்பது?

பிப்ரவரி 1, சனி

கேட்டுவிட்டேன்.

அப்பா ஆட்டுக்கறிக்குச் சொல்லிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்தார். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவர்களை நம் வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம், தனியாக விட்டுவிடலாம் என்றேன். அப்பாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் குரல் இறங்கிவிட்டது. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"யார் சொன்னது? நம்ம வூட்ல சாப்புட மாட்டேன்னு அவங்க சொன்னாங்களா?"

"இல்லப்பா, அவங்க சொல்லல. நான்தான் கேக்கறேன்."

"எதுக்கு?"

"சொல்ல முடியாதுப்பா. சொல்லக் கூடாது."

"எல்லார் வூட்லயும் துன்னாங்க. நம்ம வூடு வந்ததும் சொல்லக் கூடாத காரணம். வீரபாகு அண்ணன்கிட்ட இன்னான்னு சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியில்லப்பா, அப்படியே இல்லன்னு எத்தனை தடவ சொல்றது! ஏன்தான் அந்த மரத்தடியில நின்னேன்!

அம்மா பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்க வரட்டும். சோறாக்கி வெச்சிட்டு நாம வெளிய போயிடலாம்" என்றாள்.

"வூட்டுக்கு ஆளைக் கூப்ட்டுட்டு வூட்டுக்காரன் வெளிய போவானா லில்லி?"

"பத்து நாளா உன் பொண்ணு அவங்ககூட சுத்துறா. ஒண்ணும் இல்லாமயா அழறா?"

அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் அப்பா வெங்காயம் அரிந்தார். பிரியாணி எப்போதும் அவர்தான் செய்வார். ஆராதனை முடிந்து ஐலாம்மாவும் தோழிகளும் வந்தார்கள். அப்பா வாசலில் நின்று கும்பிட்டு உள்ளே அழைத்தார்.

"ஐலாம்மா, இது உங்க வூடு. நாங்க ஒரு சோலியா வெளிய போறோம். யாரும் உள்ள வர மாட்டாங்க."

"இன்னா ஜெபகுமார், சாப்பாட்டுக்குக் கூப்ட்டுட்டு நீ எங்க போற?" என்று ஐலாம்மா இடுப்பில் கை வைத்தார். பிர்க்கோ அந்தக் கையைப் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்தார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன்.

தெருமுனையில் வீரபாகு ஐயா ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை ஆப்பிள். அப்பா ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றார்.

"மன்னிச்சுக்கணும்ணா. இன்னிக்கு முடியாது."

"முடியாதா? வூட்டாண்ட வந்தவன திருப்பி அனுப்புறியா ஜெபா?"

"ஆமாண்ணா."

"இன்னா காரணம்?"

"எனக்கே தெரியாதுண்ணா."

அவர் ஆப்பிள் பையை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

நாங்கள் மூவரும் பாலாற்று மணலில், ஒரு வேலமரத்தின் அரைகுறை நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. அம்மா ஆப்பிளைத் துடைத்து நீட்டினாள். அப்பா வாங்கவில்லை. எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்தது சரியா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். யார் பக்கம் இருந்து பார்த்தால் சரி?

வெயில் இறங்கியதும் திரும்பினோம். பிர்க்கோ என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். ரீத்தா அவர் காலடியில். ஐலாம்மா தரையில் சுவரில் சாய்ந்திருந்தார். கண்களும் மூக்கும் சிவந்து, முகமே வேறாக இருந்தது. தட்டுகள் வைத்த இடத்தில் வைத்தபடி. குண்டானைத் திறக்கவே இல்லை.

"மன்னிச்சுக்கபா ஜெபகுமார். நாங்க துன்னவே இல்ல."

அப்பா அந்த முகத்தைப் பார்த்தார். குண்டானைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பில் சிறுதீயில் வைத்தார்.

பிறகு ஆறு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிர்க்கோ இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். அதற்குள் வாசலில் வேன் ஹாரன். அடுத்த வீட்டில் தேநீருக்கு நேரமாகிவிட்டதாம்.

"இருய்யா! சாப்புட்டுக்கினு இருக்காங்க!" என்று அப்பா உள்ளிருந்தே கத்தினார்.

பிப்ரவரி 3, திங்கள்

விடியற்காலையில் போய்விட்டார்கள். பள்ளியில் எதுவும் காதில் ஏறவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆராதனை முடிவில் ஐலாம்மா எழுந்து நின்றார். தோழிக்கு உடம்பு சரியில்லை, கடைசிவரை கூட இருக்க வேண்டும், ஈஸ்டர் முடிந்ததும் ஊருக்குப் போகிறேன் என்றார். திரும்பி வருவீர்களா என்று யாரோ கேட்டார்கள். "தெரியலபா" என்றார்.

புவனேஸ்வரி அக்கா மகனை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள். ஐலாம்மா கொடுத்த பயிற்சியில் அவன் இப்போதுதான் கம்பியைப் பிடித்து நாலடி வைக்கிறான். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கதவைச் சாத்தியது நான்தானே.

ஏப்ரல் 22, செவ்வாய்

பரீட்சை முடிந்து ஒரு வாரம். ஐலாம்மா இன்று போனார். அப்பாவும் பாஸ்டரும் ஏர்போர்ட் வரை போய் வழியனுப்பினார்கள். பிசியோ அறையைச் செவ்வாய், சனி மட்டும் டவுனிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து திறப்பார்களாம். மற்ற நாட்களில், கற்றுக்கொண்டதை வைத்து புவனேஸ்வரி அக்காவே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்.

வீரபாகு ஐயா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பா மறுபடி கூப்பிடவும் இல்லை. வழியில் பார்த்தால் இருவரும் கரண்ட் பில் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

ஏர்போர்ட்டிலிருந்து வந்த அப்பா சட்டையைக் கழற்றாமலே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். இத்தனை நாள் கேட்காததை இன்றைக்குக் கேட்டார்.

"அன்னிக்கு எல்லாம் தெரிஞ்சுதான் கேட்டியா?"

"பிர்க்கோவுக்கு முடியலன்னு தெரியும்ப்பா. ஐலாம்மா போயிடுவாங்கன்னு தெரியாது."

"ம்."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தம்மாவுக்கு முடியலன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, ஐலாம்மா போயிடுவாங்கன்னு புரிஞ்சிருக்கும், வூட்டை வுட்டு எழுந்தே இருக்க மாட்டேன். சுத்தி ஆளுங்கள உக்கார வெச்சிருப்பேன், ஒரு வார்த்த பேச முடியாத மாதிரி."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நல்ல வேள, நீ சொல்லல" என்றார்.