நடு ஸ்பீக்கருக்கு இடம் கேட்டீர்கள்

வீடு முழுக்கத் தெர்மோகோல் வாசனை. பெங்களூரிலிருந்து மகன் ஒரு சவுண்ட் பார் அனுப்பியிருக்கிறான். நேற்றுக் காலை பெட்டியைப் பிரித்ததுமே உங்கள் ஞாபகம்தான் வந்தது. ரிட்டயர் ஆன நாள் முதல் இந்த வாசனையோடுதானே வீட்டுக்குள் வருவீர்கள்.

"அப்பா சேத்து வச்ச அஞ்சு ஸ்பீக்கரையும் கழட்டிக் குடுத்துருங்கம்மா. டிவிக்குக் கீழ இந்த ஒண்ணு போதும். தூசி தட்டுற வேலையாவது மிச்சம்" என்று போனில் சொன்னான். இதையே நான் உங்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவன் சொன்னதும் எரிச்சலாக வந்தது. உங்களைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. அவனுக்கு என்ன வந்தது?

மற்றவர்கள் ஹோம் தியேட்டர் வாங்குவதென்றால் ஒரு நாள் கடைக்குப் போவார்கள், வாங்குவார்கள், மாட்டுவார்கள். உங்களுக்கு அது வருஷக்கணக்கில் இழுத்தது. முதலில் டிவி, பிறகு ஆம்ப்ளிஃபயர், பிறகு முன்னால் வைக்க இரண்டு ஸ்பீக்கர், பின்னால் வைக்க இரண்டு. பேச்சு வருகிற அந்த நடு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஒன்றரை வருஷம். செம்பட்டியில் யாரோ ஒருவர் வீட்டில் நல்லதாக ஒன்று இருக்கிறது, கேட்டுவிட்டு வரலாம் என்று சித்திரை வெயிலில் என்னையும் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போனீர்கள். அவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஸ்பீக்கர் உங்களுக்குப் பிடிக்கவில்லை.

பழனி ரோட்டுக் கடையில் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடைக்காரர் ஆசையாக, "சண்டைப் படம் ஒண்ணு போடட்டுமா சார்? சும்மா அதிரும்" என்றார்.

"அதெல்லாம் வேணாம்ப்பா. இதப் போடு" என்று சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கொடுத்தீர்கள். உள்ளே இருந்தது செய்தி அறிக்கை. கடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது போதாதென்று என் பக்கம் திரும்பி, "டீச்சர், இப்ப என்ன வாசிச்சாங்க, சொல்லு பாப்போம்" என்றீர்கள். முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் பிள்ளைகளை எழுப்பிவிட்டு ஒப்பிக்கச் சொன்னவள் நான். என்னைக் கடை நடுவில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறீர்கள். "ஒங்களுக்கு வேற வேல இல்லையா?" என்று விருட்டென்று வெளியே வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க உங்களுக்கு ரசம்தான்.

அதற்குப் பிறகு வந்தது சாமி படச் சண்டை. நம் ஹாலில் கதவும் ஜன்னலும் இல்லாத சுவர் ஒன்றே ஒன்றுதான். அதன் நடுவில் திருஇருதய ஆண்டவர் படம். குடிவந்த அன்று சர்ச்சிலிருந்து சாமியார் வந்து மந்திரித்து மாட்டியது. அதனால் டிவியும் நடு ஸ்பீக்கரும் மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. பேச்சு கோணலாக வருகிறது, சுவரில் முட்டித் தெளிவில்லாமல் போகிறது என்று நாளெல்லாம் புலம்பினீர்கள்.

"ஆண்டவர ஒண்ணரை அடி மேலதான ஏத்துறேன்? எறக்கலையே."

"மந்திரிச்ச படத்துல கை வச்சா இந்த வீட்டுல அடுப்பு எரியாது. அவரு காலுக்குக் கீழ கூத்தடிக்கணுமா?" என்றேன். இரண்டு வருஷம் கேட்டீர்கள். இரண்டு வருஷமும் இதே பதில்தான்.

டிவி ஓடும்போது நடுவில் கிடந்த பிரம்பு நாற்காலியில் நீங்கள் உட்கார மாட்டீர்கள். சுவர் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலிதான் உங்களுக்கு. "டீச்சர், இங்க வந்து உக்காரு" என்று கூப்பிடுவீர்கள். நான் வீம்புக்குச் சாப்பாட்டு மேசையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பேன். இரண்டு வசனத்துக்கு ஒரு தரம் "என்ன சொன்னான்?" என்று கேட்பேன். "நாளைக்கு வாரேன்னு சொல்றான்" என்று நீங்கள் திருப்பிச் சொல்வீர்கள். "இம்புட்டு அலைஞ்சு வாங்குன ஸ்பீக்கர்ல பேச்சே புரியல" என்று குத்திக்காட்டுவேன். மறுநாள் ஒயரைப் பிடுங்கி வேறு மாதிரி மாட்டிக்கொண்டிருப்பீர்கள். தை மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேருகிற வரைக்கும் அந்த ஒயர் வேலை முடியவில்லை.

நேற்று மத்தியானம் எல்லாவற்றையும் கழற்ற மெக்கானிக் வந்தார். உங்களுக்கு எப்போதும் வேலை செய்து கொடுப்பாரே, அவர்தான். டிவிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து ஒரு சின்ன ஸ்டாண்டை வெளியே எடுத்தார். உச்சியில் ஒரு குட்டி மைக். ஸ்டாண்டின் கம்பியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அதில் உங்கள் கோழிக்கிறுக்கலில் 'டீச்சர் காது' என்று எழுதியிருந்தது.

"இது என்னங்க?" என்றேன்.

"இந்த மைக்க நாம உக்கார்ற எடத்துல, காது ஒசரத்துக்கு வைக்கணும்மா. அந்த எடத்துக்குத் தெளிவாக் கேக்குற மாதிரி ஆம்ப்ளிஃபயர் தானாச் சரி பண்ணிக்கும். எல்லாரும் அவுகவுக காதுக்குத்தான் வைப்பாக. சாரு ஒங்க காதுக்குத்தான் வைக்கச் சொல்வாரு. பிரம்பு நாக்காலியில நீங்க உக்காந்தா இம்புட்டு ஒசரம்னு குறிச்சு ஒட்டுனாரு." ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "ஒங்களுக்குக் காது மந்தமாயிட்டு வருது, சொன்னாக் கோவப்படுவீகன்னு சொல்வாரும்மா."

செம்பட்டி, பென்டிரைவ், செய்தி, நடு ஸ்பீக்கர், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மெக்கானிக்கிடம் சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? சொல்லியிருந்தால் என்ன, ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு காது டாக்டரைப் பார்த்திருப்பேன். படத்தையும் ஏற்றியிருப்பேன். ஒருவேளை ஏற்றியிருக்க மாட்டேனோ என்னவோ. நீங்கள் என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தீர்கள், அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

"கழட்ட வேணாம்" என்றேன். சிலுவை போட்டுவிட்டு நானே படத்தை இறக்கிக் கொடுத்தேன். ஒன்றரை அடி மேலே ஆணி அடித்தார். சுவர் நடுவுக்கு டிவி வந்தது, அதன் கீழே நடு ஸ்பீக்கர். பிரம்பு நாற்காலியில் உங்கள் பிளாஸ்திரிக் குறி உயரத்துக்கு மைக்கை நிறுத்திச் சரிபார்த்தார். மகனுக்குப் போன் போட்டு, சவுண்ட் பாரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

சாயங்காலம் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சீரியல் ஓடியது. ஊருக்குக் கிளம்புகிறவன் வாசலில் நின்று ஏதோ சொல்லிவிட்டுப் போனான். ஒரு எழுத்து விடாமல் தெளிவாகத்தான் கேட்டது. இருந்தாலும் சுவர் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலிப் பக்கம் திரும்பி, "என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.