புது பேரல்

மே 10, சனி

ஸ்டெல்லாவின் துப்பாக்கிக்குப் புது பேரல், அதாவது குண்டு பாயும் குழல், மாட்டி மூன்று நாள்தான் ஆகிறது. அவள் சுடுவாள், குண்டின் வேகத்தை மீட்டரில் பார்த்துச் சொல்வது என் வேலை. புது பேரலில் சுடச் சுட உட்புறம் வழவழப்பாகி வேகம் ஏறும், பிறகுதான் ஒரு நிலைக்கு வரும். அது ஏறுவதை முதல் நாளிலிருந்தே பார்த்தேன். கோச் சார் வேகம் நிலைக்கு வருமுன்பே அவசரமாகக் குறிபார்க்கும் பாகத்தைச் சரிசெய்து இறுக்கிவிட்டார்; வேகம் இன்னும் ஏறினால் குண்டு குறிக்கு மேலேதான் போகும். நான் வாய் திறக்கவில்லை.

இன்று உப்பளத்தை ஒட்டிய மைதானத்தில் நடந்த அணித் தேர்வில் அவள் சுட்டதெல்லாம் மேலேயே போனது. சார் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"தோட்டாவ வெயில்ல போட்டு வச்சிருக்க! சூடானா வேகம் ஏறாதா? உப்பளத்து வெயிலு எப்டி இருக்கும்னு தெரியாது உனக்கு?"

"இல்ல சார், ஈரத்துணி சுத்தி நிழல்லதான் வச்சேன்."

சார் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பிசிக்ஸ் படிச்ச பொண்ணு நீதான. நீயே சொல்லு, வெயிலா இல்லயா?"

நேற்று பொழுது சாய்ந்த பிறகும் வேகம் ஏறியது எனக்குத் தெரியும். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"தெரியலைங்க சார்" என்றேன்.

அணியில் அவள் பெயர் இல்லை.

அவள் ஸ்கூட்டியில்தான் திரும்பினேன்.  கீழ்புத்துப்பட்டு ஊரைத் தாண்டியதும் அவளே சொன்னாள்.

"விடுடி. உனக்கே தெரியலைன்னா வெயிலாத்தான் இருக்கும். துணி காஞ்சிருக்கும், நான் கவனிக்கல."

அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எழுதவே கூசுகிறது.

நாளை சர்ச் முடிந்ததும் தடிமனான துணியாகப் பார்த்து வாங்கப் போகிறாளாம். கூட வரச் சொன்னாள். சரி என்றேன்.